அளவுக்காக நான்கு பேர்

இராசரத்தினம் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். வெளியே மார்ச் மாதத்து ஈரப்பனி. சப்பாத்தைத் துடைக்காமலே நேராக வந்து, பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"பிள்ளை, கையைக் கழுவிப்போட்டுத் தொடு," என்றார்.

அட்சயா கையைக் கழுவவில்லை. பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டாள். விரல்கள் உள்ளே போக மறுத்தன. அவர் கதவைத் தள்ளியபோதே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. இருபது வருடத்தில் வயிறு முன்னால் போயிருந்தது, தலைமுடி பின்னால் போயிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவர் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இன்று அவர் கண்ணுக்கு அவள் வெக்ஸ்போர்ட்டில் படம் அச்சடிக்கும் கடையில் நிற்கிற ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் எட்டு நெகட்டிவ்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவு.

"அமெரிக்காவின்ர தெற்கில எடுத்தது," என்றார் இராசரத்தினம். "மிசிசிப்பி, லூசியானாப் பக்கம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில. நானும் மனிசியும் பஸ் டூர் போகேக்க ஒரு பழஞ்சாமான் கடையில கிடந்தது. வித்தவனுக்கு அருமை தெரியேல்லை."

அவள் ஒவ்வொன்றாக வெளிச்சமேசையில் வைத்தாள். எல்லாம் மாளிகைகள். வெள்ளைத் தூண்கள் நெகட்டிவ்வில் கரித்தூண்களாக நின்றன. வானம் கறுப்பாக இருந்தது. மரங்களிலிருந்து தொங்கிய பாசி வயதான பெண்ணின் அவிழ்த்துவிட்ட தலைமுடிபோல வெண்மையாகத் தொங்கியது. எடுத்தவன் யாரானாலும் கைதேர்ந்தவன். ஒரு கோடுகூடச் சரியவில்லை.

இராசரத்தினம் மூன்றாவதை விரலால் தட்டினார். "இதுதான். ரூஜில புதுக் கலியாண ஹோல் திறக்கிறன், தெரியுந்தானே? மக்னோலியா. மேடைக்குப் பின்னால சுவர் முழுக்க இது வேணும். இருபத்தெட்டடி அகலம், பன்னிரண்டடி உயரம். மாப்பிளை பொம்பிளை முன்னுக்கு நிண்டால் அந்த வீட்டு வாசல்லயே நிக்கிறமாதிரி இருக்கவேணும். முகப்பு மட்டும் போதும். கதவு கதவு அளவில, படி படி அளவில."

"விளங்குது அங்கிள்."

"இன்னொண்டு. வாசல்ல நாலு கறுப்புச் சனம் நிக்குதுகள். வேலைக்காரச் சனம். அதுகளை எடுத்துவிடு."

"அந்த வீட்டைக் கட்டினதே அவையின்ர ஆக்களாத்தான் இருக்கும் அங்கிள்."

"கட்டினவை கட்டிச்சினம். இப்ப இடைஞ்சல்." தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறகு நம்மவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பதைக் கேட்டார். "பிள்ளை எந்த ஊர்?"

"கரவெட்டி."

"அப்பா ஆர்?"

"அப்பா இல்லை."

"அச்சோ. அம்மா?"

"இருக்கிறா. புஷ்பமெண்டு பேர்."

ஊரும் பொய், பேரும் பொய். அவள் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. தனக்குள் இப்படியொருத்தி இருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

அவள் அம்மாவின் பெயர் புனிதவதி.

இரண்டாயிரத்து ஐந்தில் இராசரத்தினம் ரூஜில் வீடு கட்டினார். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத மாதிரி, இரண்டு மாடி உயரத்துக்கு இரண்டு வெள்ளைத் தூண்கள் வைத்துக் கட்டினார். பால் காய்ச்சுகிற நாளுக்கு ஐம்பது பேருக்குச் சமைக்கப் புனிதவதி வெள்ளிக்கிழமையே போனாள். கூலிக்கு அல்ல. இராசரத்தினத்தின் மனைவி தவமலரைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுகிறவள் அவள். கூப்பிட்ட வாய்க்காகப் போனாள். அட்சயாவும் கூடப் போய் வெங்காயம் உரித்தாள்.

ஞாயிறு மத்தியானம், சோறு பரிமாறப்போகிற நேரத்தில், தவமலரின் பதக்கச் சங்கிலியைக் காணவில்லை. குளிக்கும்போது கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்தாளாம். மேலே போனது யார்? பாய் எடுக்கப் புனிதவதி போனாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ," என்றார் இராசரத்தினம், பாயாசம் வேண்டுமா என்று கேட்கிற குரலில். "உங்கட பாக்கை ஒருக்கால் கவிட்டுக் காட்டுங்கோ. எல்லாற்ற மனமும் ஆறட்டும்."

குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கல்மேசைமேல் புனிதவதி தன் கைப்பையைக் கவிழ்த்தாள். இரண்டு பஸ் டிக்கெட். ஒரு பனடோல் அட்டை. அட்சயாவின் தலைக் கிளிப். பாதி தின்ற பிஸ்கட் பக்கெட். குடிவரவுக் கந்தோரிலிருந்து வந்த கடிதம், நாலாக மடித்தது. ஐம்பது பேரும் பார்த்தார்கள். சங்கிலி அதில் இல்லை. இல்லையென்று தெரிந்ததும் விஷயம் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் பின்னாலிருந்து ஒருவர், "பாக்குக்குள்ள வைக்க அவ என்ன விசரியோ?" என்று மெதுவாகச் சொன்னார். அத்தோடுதான் எல்லாம் தொடங்கியது.

தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். புனிதவதியின் தலைமுடியில் வடை பொரித்த எண்ணெய் மணத்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கலியாண அட்டையும் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. கோயிலில் பக்கத்தில் நின்ற ஒரு பெண், புனிதவதியைக் கண்டதும் தன் கைப்பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள். புனிதவதி கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். மிசிசாகாவில் விமானச் சாப்பாடு அடைக்கிற தொழிற்சாலைக்குப் போனாள். பத்தொன்பது வருடம் தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, யார் சாப்பிடப்போகிறார்கள் என்று தெரியாத சோற்றைப் பெட்டி பெட்டியாக அடைத்தாள்.

இதையெல்லாம்விடக் கேவலமான ஒன்று இருந்தது. அட்சயா யாரிடமும் சொன்னதில்லை. பதினைந்து வயதில், அம்மா வேலைக்குப் போன ஒரு நாள், அவள் அம்மாவின் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சேலையாக உதறித் தேடினாள். சங்கிலி கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று தெரிந்தபிறகும் பெட்டியின் உட்துணியைத் தடவிப் பார்த்தாள். அந்தக் கையை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. தன்னை அப்படித் தடவ வைத்தவனையும்.

நெகட்டிவ் இருந்த பழுப்பு உறையில் எடுத்தவன் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். வீட்டின் பெயர், வீட்டுக்காரனின் பெயர், லென்ஸின் அளவு. காலை பத்து மணி, வெளிச்சம் இடப்பக்கம். கடைசி வரியில்: அளவுக்காக நான்கு பேர்.

அந்தக் காலத்தில் கட்டடம் எடுக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். தூண் எத்தனை உயரம் என்று பார்க்கிறவனுக்குத் தெரியவேண்டுமே. அதற்காக அங்கே நின்ற யாரையாவது கூப்பிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அளக்கிற அடிமட்டத்துக்குப் பேர் எழுதுவதில்லை. இவர்களுக்கும் எழுதவில்லை.

ஸ்கான் செய்து பெரிதாக்கியபோது நான்கு பேரும் திரையில் எழுந்து வந்தார்கள். இரண்டு ஆண்கள். ஒரு சிறுமி, படம் எடுத்த நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டாள்போல, முகம் புகையாக இருந்தது. நான்காவது, ஐம்பது வயதுப் பெண். பெரிய கதவுக்கு முன்னால், நடு வாசலில், கையில் ஒரு பேசினோடு நின்றாள். அவள் அசையவேயில்லை. ஏப்ரனில் குத்தியிருந்த ஊசிகூடத் தெளிவாகத் தெரிந்தது. எடுத்து முடிச்சிட்டியோ, எனக்கு உள்ளுக்கு வேலை கிடக்கு என்று கேட்கிற கண்கள்.

அட்சயா முதல் மூன்று பேரையும் ஒரு காலைப்பொழுதில் எடுத்துவிட்டாள். தூணிலிருந்து தூணை நகலெடுத்து, பலகையிலிருந்து பலகையை நகலெடுத்து மூடுகிற வேலைதான். அவளுக்கு அது கைவந்த கலை. கலியாணப் படங்களிலிருந்து பிரிந்துபோன மருமக்களை அழித்துக்கொடுத்துப் பழகிய கை.

அந்தப் பெண்ணிடம் வந்தபோது கை நின்றது. அவளைக் கதவளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஐந்தடி இரண்டங்குலம். அம்மாவின் உயரம்.

அந்த நினைப்பு வந்த விதத்தில் எந்த உயர்வும் இல்லை. பசி எடுப்பதுபோல வந்தது. இராசரத்தினத்தின் மண்டபத்தில், இராசரத்தினத்தின் மேடையில், மாளிகையின் நடுவாசலில், ஆளளவில் புனிதவதி நிற்பாள். அந்த ஐம்பது பேரும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுக்கு முன்னால் நின்றுதான் படம் எடுக்கவேண்டும். வீட்டுக்காரி அவள். வந்தவர்கள் இவர்கள். இராசரத்தினம் சனத்துக்கு முன்னால் வாயடைத்து நிற்பார். அன்றைக்கு அம்மா நின்றமாதிரி.

ஆனால் நடுவாசலில் ஏற்கெனவே ஒருத்தி நின்றாள். அட்சயா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, பேசினிலிருந்து தொடங்கி அவளையும் அழித்தாள். அழித்தபின் அந்த வாசல் ஒருவரும் ஒருகாலத்திலும் நின்றிராத வாசலாக இருந்தது. அட்சயாவுக்குத் தன் கைத்திறமை அருவருப்பாக இருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

வெறும் வாசல் படத்தை இராசரத்தினத்தின் தொலைபேசிக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: வடிவு, அச்சடி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அடுக்குமாடியின் ஒன்பதாம் தட்டு பல்கனியில், வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழ, அம்மாவை நிறுத்தினாள்.

"என்னத்துக்கடி உந்தக் குளிருக்குள்ள சீலை கட்டச் சொன்னனி?" என்றாள் புனிதவதி. "ஆரும் கிழவன் பொம்பிளை பாக்க வாறானோ?"

"கமராவைச் சோதிக்கிறன். அசையாதேங்கோ."

"சோதிக்கிறதுக்குக் காஞ்சிபுரமோ? எண்டால் சங்கிலியும் போடட்டே?"

சங்கிலி என்ற சொல் அந்த வீட்டில் சாதாரணமாகப் புழங்குவதில்லை. புனிதவதிதான் முதலில் சுதாரித்தாள். "கையை எங்க வைக்கிறது? எப்பவும் ஏதாவது வைச்சிருந்த கை. சும்மா தொங்கவிட ஒருமாதிரிக் கிடக்கு."

"சும்மா விடுங்கோ. ஒண்டும் பிடிக்கவேண்டாம்."

"சிரிக்கட்டே?"

"வேண்டாம்."

"நீயே ஒரு சிரிப்பில்லாத பிள்ளை. சரி எடு. மூக்கு விறைக்குது."

அட்சயா பதினொரு படம் எடுத்தாள். ஏழாவதில் அம்மா கமராவை மறந்து, கமராவுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள். என்னவோ செய்யப்போகிறாய் நீ என்று கேட்கிற பார்வை. அதைத்தான் எடுத்தாள். நிறத்தைக் கழற்றினாள், பழைய படத்தின் பழுப்பை ஏற்றினாள், தொண்ணூறு வருடத்து மணிமணியான புள்ளிகளைச் சேலைமேல் தூவினாள். கடைசியாகப் பலகையில் நிழலை விழுத்தினாள். அம்மா அந்த வாசலில் பிறந்தவள்போல நின்றாள்.

அச்சுப் பொறியிலிருந்து படம் நாலடி அகலக் கீற்றுகளாக, ஏழு கீற்றாக வரும். நான்காவது கீற்று வெளியே வரும்போது கடைக்காரர் சீமோன் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். முதலில் கதவின் மேல்வளைவு வந்தது. பிறகு நெற்றி. கண்கள்.

சீமோனின் வாய் நின்றது. "உது ஆர்?"

அட்சயா கீற்றின் ஓரத்தைப் பிடித்து நேராக்கினாள்.

"உது புனிதமக்காவெல்லோ." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "எடி பெட்டை. உனக்கு விசரோ?"

"நிப்பாட்டுங்கோ அண்ணை, நிப்பாட்டுறதெண்டால். பொத்தான் உங்கட பக்கம்தான் கிடக்கு."

சீமோனும் அன்றைக்கு அந்த ஐம்பது பேரில் ஒருவர். அதை அவர் மறக்கவில்லை என்று அட்சயாவுக்குத் தெரியும். பட்டறிவு இல்லாத காலத்தில் அவளுக்கு வேலை கொடுத்ததே அதனால்தான் என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. அவர் பொறியைப் பார்த்தார். அம்மாவின் கழுத்துவரை வந்துவிட்டது.

"நான் சாப்பிடப் போறன்," என்றார். "நான் திரும்பி வரேக்க உதைச் சுருட்டி வைச்சிருக்கவேணும். நான் ஒண்டும் காணேல்லை." வாசல்வரை போய்த் திரும்பினார். "வடிவாத்தான் கிடக்கு."

திறப்புவிழா ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. அட்சயாவும் சீமோனும் காலையிலேயே போய்ச் சுவரில் படத்தை ஒட்டி, இராசரத்தினம் வருவதற்குள் சிவப்புத் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். திரைநீக்கம் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார் இராசரத்தினம். அதுவரை தானும் பார்க்கப்போவதில்லை என்று ஆசையோடு அடக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆசை அட்சயாவுக்கு வசதியாகப் போயிற்று.

நானூறு பேர். மங்கள விளக்கு. பிளாஸ்ரிக் மக்னோலியாப் பூக்கள். அட்சயா பின்சுவரோடு நின்றாள். சட்டைப் பையில் சுவர்ப்படம் வெட்டுகிற கத்தி, காலைவேலையின் பழக்கத்தில் போட்டது, அப்படியே கிடந்தது. முன்வரிசையில் தவமலர் இருந்தாள். அந்தக் குசினியில் நின்றவர்கள் நரைத்தும் பருத்தும் இரண்டாம் மூன்றாம் வரிசைகளில் இருந்தார்கள். ஒவ்வொருவராக எண்ணினாள்.

இராசரத்தினம் கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

முதலில் ஒரு 'ஆ' எழுந்தது. தூண்கள், படிகள், அகலக் கதவு. மேடையே ஒரு மாளிகையாகப் போயிற்று. பிறகு அந்த 'ஆ' பாதியில் அறுந்தது. நடுவாசலில், ஆளளவில், பழுப்பு நிறத்தில், சிரிக்காமல் ஒரு பெண் நின்றாள்.

இராசரத்தினம் திரும்பிப் பார்த்தார். அவருடைய கை கயிற்றிலேயே இருந்தது. முகத்திலிருந்து இரத்தம் வடிந்துபோவதை அட்சயா பின்சுவரிலிருந்தே பார்த்தாள். இருபது வருடம் காத்திருந்த முகம் அது. அதை அப்படியே விழுங்கினாள்.

அது ஐந்து விநாடிதான் நீடித்தது.

நம்மவர்களின் கூட்டம் எதுவும் இறந்தவர்களுக்கான அகவணக்கம் இல்லாமல் தொடங்காது. அறிவிப்பாளராக வந்தவர் மகேஸ்வரன். குரலால் சீவிக்கிறவர், நாளுக்கு மூன்று மண்டபம் ஏறுகிறவர். விளக்கு முடிந்தது, அடுத்தது அகவணக்கம் என்று கையில் தாளோடு நின்றவர் சுவரைப் பார்த்தார். பழுப்பு நிறம், நேர்ப்பார்வை, சிரிப்பில்லாத முகம், சுவரளவுக்குப் பெரிதாக்கிய படம். நம்முடைய வீடுகளில் அப்படிப் படம் வைப்பது யாருக்கு என்று அவருக்குத் தெரியாதா? முன்வரிசைக்குக் குனிந்து, "உவ ஆர்?" என்று கேட்டார். யாரோ பேர் சொன்னார்கள்.

"அன்பு உறவுகளே," என்றது மகேஸ்வரனின் வெண்கலக் குரல். "தாயக மண்ணில் மரணித்த எமது உறவுகளுக்காகவும், இன்று இம்மண்டபத்தில் திருவுருவப்படம் திரைநீக்கம் செய்யப்பட்டுள்ள அமரர் திருமதி புனிதவதி அவர்களுக்காகவும் எழுந்து நின்று ஒரு நிமிட அகவணக்கம் செலுத்துவோமாக."

நானூறு கதிரைகள் ஒன்றாகப் பின்னால் தள்ளப்பட்டன. நானூறு தலைகள் குனிந்தன. அட்சயாவின் தலையும், என்ன நடக்கிறது என்று விளங்காமலே, குனிந்தது.

நிமிர்ந்தபோது இராசரத்தினத்தின் முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. கெட்டிக்காரர். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாக் கணக்கையும் போட்டு முடித்திருந்தார். ஒலிவாங்கியை வாங்கினார்.

"எங்கட குடும்பத்துக்காக உழைச்ச ஒரு சகோதரி," என்றார். குரலைக் கொஞ்சம் உடைத்தார். "சில பேர் சில கதை சொல்லியிருக்கலாம். நான் ஒருநாளும் மனசில வைச்சிருக்கேல்லை. இண்டைக்கு இந்த மேடையில அவவுக்கு ஒரு இடம் குடுத்திருக்கிறன்."

கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பெருந்தன்மை, பெருந்தன்மை என்று பக்கத்து மேசையில் ஒருவர் இரண்டு தரம் சொன்னார். அவள் கொண்டுவந்து எறிந்த கல்லை அவர் எடுத்துத் தன் தலையில் கிரீடமாக வைத்துக்கொண்டார். அம்மாவைச் சனத்துக்கு முன்னால் மன்னித்தும்விட்டார், அவள் செய்யாத குற்றத்துக்காக.

மேடைக்குப் போய் எல்லோர் முன்னாலும் கத்தவேண்டும் என்று நடந்தாள். முன்வரிசைக்குப் பின்னால் வந்தபோது தவமலரின் குரல் கேட்டது. தவமலர் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெண்ணின் கையைப் பிடித்திருந்தாள்.

"பாவம் மனிசி. உனக்குத் தெரியுமே, அந்தச் சங்கிலி அடுத்த கிழமையே கிடைச்சிட்டுது. தலையணை உறையோட வொஷிங் மெஷினுக்குள்ள போயிருக்கு. சொல்லுவம் சொல்லுவம் எண்டு இவர்தான்... இவ்வளவு சனத்துக்கு முன்னால கேட்டுப்போட்டு இனி எப்பிடிப் போய்ச் சொல்லுறது எண்டு. இனி ஆருக்குச் சொல்லுறது? மனிசி போய்ச்சேர்ந்திட்டுது."

அட்சயா அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அடுத்த கிழமை. அவள் அம்மாவின் பெட்டியை உதறித் தேடியபோது அந்தச் சங்கிலி மூன்று வருடமாகத் தவமலரின் கழுத்தில் கிடந்திருக்கிறது.

பையில் தொலைபேசி அதிர்ந்தது. அம்மா.

"எடியே, நான் செத்துப்போனனாம்," என்றாள் புனிதவதி. "இருபது வருசமாக் கதையாத சனமெல்லாம் எடுக்குது. ஒருத்தி என்னட்டையே, 'பிள்ளை, அம்மா எப்ப மோசம் போனவ' எண்டு கேக்கிறாள். இப்பதான் நீ சொல்லித் தெரியும் எண்டனான். போனை வைச்சிட்டாள். நீ எங்க நிக்கிறாய்? என்ன செய்தனி?"

"அம்மா, சங்கிலி கிடைச்சதாம்."

"எப்ப?"

"அடுத்த கிழமையே."

மறுமுனையில் ஒரு அலுமாரி திறக்கிற சத்தம். "வாறன்," என்றாள்.

அரை மணித்தியாலத்தில் டாக்சியில் வந்து இறங்கினாள். அதற்குள் சாப்பாட்டுக்கு வரிசை தொடங்கியிருந்தது. வாசலில் நின்றவர்கள் முதலில் பார்த்தார்கள். ஒருத்தி "முருகா" என்று தட்டை நழுவவிட்டாள். குளிர்ச்சட்டையும் தொழிற்சாலைச் சப்பாத்துமாக அமரர் புனிதவதி கதிரை வரிசைகளுக்கு நடுவால் நடந்து வந்தாள். சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. கரண்டிகளின் சத்தம் மேசை மேசையாக அடங்கியது.

மேடைக்கு முன்னால் வந்து நின்று படத்தை அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தவமலரின் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி," என்றாள். "வொஷிங் மெஷினுக்குள்ளயோ கிடந்தது?"

தவமலர் எழுந்தாள். "அக்கா..."

"எனக்குச் சொல்லாதை. எனக்குத் தெரியும் நான் எடுக்கேல்லையெண்டு. உவைக்குச் சொல்லு. உதில கிடக்கு மைக்."

"அக்கா, வாங்கோ, உள்ளுக்கு இருந்து கதைப்பம்," என்று இராசரத்தினம் இடையில் வந்தார். "சனத்துக்கு முன்னால வேண்டாம்."

"சனத்துக்கு முன்னாலதானே தம்பி பாக்கைக் கவிட்டனான்."

மகேஸ்வரன் தொழில் தெரிந்தவர். ஒன்றும் பேசாமல் ஒலிவாங்கியைத் தவமலரிடம் நீட்டினார். தவமலர் புருஷனைப் பார்த்தாள். புனிதவதியைப் பார்த்தாள். வாங்கினாள். அழுது அழுது, ஒவ்வொரு சொல்லாக, நானூறு பேருக்கும் சொன்னாள். சங்கிலி எங்கே கிடந்தது, எந்த நாள் கிடைத்தது, சொல்லவேண்டாம் என்று யார் சொன்னது. இரண்டாம் மூன்றாம் வரிசையில் இருந்தவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். தொலைபேசிகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. இராசரத்தினம் சிரிக்க முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை.

அட்சயா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். உடம்பெல்லாம் சூடாக இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? "பாத்தீங்களோ அம்மா," என்றாள். "வீட்டுக்காரி மாதிரி நிக்கிறீங்கள்."

புனிதவதி மகளைப் பார்த்தாள். "வீட்டுக்காரி உள்ளுக்கல்லோ இருப்பாள்," என்றாள். "வாசல்ல நிக்கிறது ஆர்? இருபது வருசம் உவையின்ர வாசல்லதான் நிண்டனான். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நிக்கவோ? என்னைக் கழட்டு."

"அம்மா, இனித்தானே..."

"கழட்டடி."

அட்சயா மேடை ஏறினாள். பையிலிருந்த கத்தியை எடுத்து அதன் அலகை வெளியே தள்ளினாள். அம்மாவின் தலைமுடியிலிருந்து தொடங்கி, காதோரம், தோள், வெறுங்கை, சேலையின் கொய்யக மடிப்பு என்று மெதுவாக வெட்டினாள். பசை இன்னும் இறுகவில்லை. நகத்தால் நெம்பி இழுத்ததும், ஈரத்துணி உரிவதுபோல ஓசையோடு உரிந்தது. அந்தப் பேசின் வைத்திருந்த பெண் பின்னால் நிற்பாளோ என்று ஒரு கணம், பைத்தியக்காரத்தனமாக, எதிர்பார்த்தாள். சாம்பல் நிறச் சுவர்தான் இருந்தது, தச்சன் பென்சிலால் போட்ட ஒரு பெருக்கல் குறியோடு.

"ஐயோ, அடுத்த சனிக்கிழமை கலியாணம் கிடக்கு!" என்று இராசரத்தினம் கத்தினார். "உந்த ஓட்டையை என்ன செய்யிறது? சீமோன், எங்கை சீமோன்?"

சீமோன் சாப்பாட்டு வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அட்சயா அம்மாவைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் அதே வழியால் வெளியே போனார்கள். பின்னால் தொலைபேசிகள் மின்னிக்கொண்டிருந்தன. இராசரத்தினம் மேடைக்கு ஓடி ஏறினார். அந்த ஓட்டையை மறைக்க அதற்கு முன்னால், மாளிகையின் நடுவாசலில், கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றார். விலகினால் தெரியும். அதனால் விலகவில்லை. அன்று மாலை அந்த மண்டபத்தில் எடுத்த எல்லாப் படங்களிலும் அவர் அங்கேயே நிற்கிறார்.